ஷுலானின் ஒற்றை அம்பு

ஒரே காரியத்தில் இரண்டு பலன் கிடைத்தால் ‘ஒரே அம்பில் இரண்டு கழுகு’ என்பது சீன தேசத்துப் பேச்சு. தளபதி லோவுக்கு வாயைத் திறந்தால் அதுதான்.

ஒருமுறை அவர் மலையடிவாரத்து ஊரில் ஆண்களையெல்லாம் படைக்குப் பிடித்துப் போனார். புருஷனை மீட்க, மாவு பிசைந்த கையோடு முகாமுக்கு ஓடிவந்தாள் நூடுல்ஸ் விற்கும் ஷுலான்.

"அறுவடை நேரம், பிரபு. எங்கள் ஆட்களை விட்டுவிடுங்கள்."

தளபதி ஓர் அம்பை அவள்முன் வீசிவிட்டுச் சிரித்தார். "ஒரே அம்பில் இரண்டு கழுகை வீழ்த்து, எல்லாரையும் விடுகிறேன். நான் ஒன்று சொன்னால் இரண்டு கிடையாது!"

வானத்தில் ஒரு காக்கைகூட இல்லை. ஷுலான் அம்பை எடுத்தாள். நேரே கொடிக்கம்பத்துக்குப் போய், அம்பின் கூர்முனையால் கயிற்றை அறுத்தாள். இரட்டைக் கழுகு பொறித்த படைக்கொடி தொப்பென்று மண்ணில் விழுந்தது.

"அடியே, அது வெறும் துணி!" என்று கத்தினார் தளபதி.

"அப்படியா, பிரபு? தினமும் இந்தக் கழுகுகளைக் கும்பிடும் உங்கள் வீரர்களிடமும் அதைச் சொல்லிவிடுங்கள்."

வரிசையில் நின்ற வீரர்கள் தளபதியின் வாயையே பார்த்தார்கள். அவர் முகம் சிவந்தது.

"கழுகுதான்," என்று முனகினார். "ஊர் ஆட்களை விட்டுவிடுங்கள்."

பொழுது சாயுமுன் ஊர் வயலெல்லாம் அரிவாள் சத்தம் கேட்டது.