வைரவநாதன் கையால் சேர்த்தது

கல்லூரியில் முப்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற வைரவநாதன், ஐம்பத்தொன்பதாவது வயதில் வானியல் படிக்கப் போனார். அவருக்கு வாய்த்த ஆசிரியை செலின், அவரைவிட இருபத்திரண்டு வயது இளையவர். ஆனாலும் செலின் சொல்லாமல் வைரவநாதன் எதிரில் உட்கார மாட்டார்.

செலின் கொடுத்த வேலை, கணினியில் ஒரு பொய் வானம் செய்வது. மூன்று லட்சம் விண்மீன் திரள்கள், எல்லாம் கற்பனை. ஒவ்வொன்றும் எங்கே இருக்கும், எவ்வளவு அகச்சிவப்பு ஒளி விடும் என்று கணித்து அட்டவணை போட வேண்டும். விண்வெளித் தொலைநோக்கி ஒன்று வானத்தின் ஒரு மூலையைப் படமெடுக்கப் போகிறது. நிஜம் வருவதற்குள் பொய்யில் பழகிக்கொள்ளத்தான் இந்த ஏற்பாடு. மொத்த எண்ணிக்கை ஒத்துப்போனால் போதும். இடம்கூடப் பொருந்தும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

அட்டவணை முடிந்த அன்று வைரவநாதன் ஒரு காரியம் செய்தார். பொய் வானத்தின் கீழ் ஓரத்தில் எதுவுமே இல்லாமல் கறுப்பாகக் கிடந்த இடத்தில், தன் கையால் ஒரு திரளைச் சேர்த்தார். பிரகாசம் 23.9 என்று எழுதினார். செப்டம்பர் இருபத்து மூன்று, இறந்துபோன மனைவி மங்கையின் பிறந்தநாள்.

மூன்று மாதம் கழித்து நிஜப் படம் வந்தது. அதே இடத்தில் மங்கலாக ஒரு புள்ளி. அளந்து பார்த்தார். 23.9.

இரண்டு நாள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் செலினிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். கணிப்பில் சொந்த ஆசையைக் கலந்ததற்கு வெளியே அனுப்பிவிடுவார் என்றுதான் நினைத்திருந்தார். செலின் கோபிக்கவில்லை. மூன்று லட்சத்தில் ஒன்று தற்செயலாகப் பொருந்தலாம் என்றார். அந்த வரியை மட்டும் அழித்துவிடச் சொன்னார்.

“அழிச்சா அது அணைஞ்சிடுமோன்னு பயமா இருக்கு மேடம்.”

செலின் சிரிக்கவில்லை. “நாளைக்கு மதியம் அதே இடத்தோட ரெண்டாவது படம் வருது. இப்பவே அழிங்க.”

வைரவநாதன் வெகுநேரம் விரலை விசைமேல் வைத்தபடி இருந்தார். பிறகு அழுத்தினார். அன்று முழுக்க, ஆளை அடித்துப் போட்டுவிட்டு வந்தவர் மாதிரி கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தார்.

மறுநாள் படம் மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரையில் இறங்கியது. அந்த ஓரம் கடைசியில்தான் வர வேண்டும். பக்கத்தில் நின்ற செலினின் கை, நாற்காலி முதுகை இறுகப் பற்றியிருந்தது. இவருக்கும் பயம்தான் என்று வைரவநாதனுக்கு அப்போதுதான் புரிந்தது.

புள்ளி இருந்தது.

“நான் எழுதினதாலே அது வரலை,” என்றார் மெதுவாக. “அழிச்சதாலே போகவும் இல்லை. அப்ப எனக்கும் அதுக்கும் என்னதான் சம்பந்தம்?”

செலின் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அந்த வெளிச்சம் அங்கேர்ந்து கிளம்பினப்போ பூமியே கிடையாது சார். வழியெல்லாம் ஒருத்தருமே இல்லை. வந்து சேர்ந்தப்போ நீங்க பார்த்துக்கிட்டு இருந்தீங்க.”