ஒரு பக்கம் உப்பின கன்னம்

ஒரு ஊர்ல ஒரு பொண்ணு இருந்தாளாம். அந்தா, சுவத்துப் படத்துல பச்சைப் பாவாடை கட்டிக்கிட்டு உக்காந்திருக்காளே, அவளேதான். ஒரு கன்னம் மட்டும் ஏன் உப்பியிருக்கு, பல்வலியான்னு நேத்துக் கேட்டியே. பல்வலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. சொல்றேன், நீ ம் கொட்டிக்கிட்டே வா.

அவ பேரு தையல்நாயகி. தையுன்னு கூப்பிடுவாங்க. ஊரு நாகப்பட்டினம். நம்ம பக்கம் ரயிலே வராத காலம் அது. அவ அப்பா வைத்திலிங்கம் பாய்க்கப்பல்ல பர்மாவுக்குச் சரக்கு கொண்டுபோறவரு. அவரு போயிட்டுத் திரும்புறதுக்குள்ள இங்க புள்ளைங்க மளமளன்னு வளந்துடும்.

அப்படித்தான் போன தடவை வந்தப்போ, வாசல்ல நின்ன புள்ளைய "என் தங்கமே"ன்னு வாரித் தூக்கிட்டாரு. அது பக்கத்து வீட்டுப் புள்ள. தையு அங்கேயே நிக்குறா. எப்படி இருந்திருக்கும் அவளுக்கு? எல்லாரும் கொல்லுன்னு சிரிச்சாங்க, அவ மட்டும் சிரிக்கல. அன்னிக்குச் சோறும் வேணாம்னுட்டா.

ம்?

அப்புறம் அப்பா மறுபடி கிளம்புற காலம் வந்துது. தையு அவரு வேட்டியப் புடிச்சுக்கிட்டா. "என்னைப் படமா எழுதிக் கொண்டுபோங்கப்பா. தினம் பாருங்க. இந்தத் தடவை என்னத்தான் தூக்கணும்"னா. அப்பா சரின்னுட்டாரு. காத்து திரும்பினா கப்பல் கிளம்பிடும். அதுக்குள்ள ஆகணுமேன்னு தஞ்சாவூர்லேர்ந்து ரங்கராஜுன்னு ஒரு சித்திரக்காரரக் கூட்டிக்கிட்டு வந்தாரு.

அந்த ராஜு நல்ல கைகாரருதான். ஆனா பொறந்ததுலேர்ந்து சாமிப் படமே எழுதினவரு. பலகைய மடியில வச்சுக்கிட்டாரு, சரக் சரக்னு வண்ணத்த இழுத்தாரு, தையுவ ஏறிட்டுக்கூடப் பாக்கல. முடிச்சதும் அப்பா உள்ள வந்தாரு. படத்தப் பாத்தாரு. செருப்பக் கழட்டிட்டு, படபடன்னு கன்னத்துல போட்டுக்கிட்டாரு. ஏன்னா பலகையில இருந்தது வெள்ளை வெளேர்னு ஒரு தொந்திக் கிருஷ்ணன். பாவாடை மட்டும் தையுவோடது.

சிரிக்காத, தூக்கம் ஓடிப்போயிடும்.

அப்போ ராஜு அதத் தள்ளி வச்சுட்டு இன்னொண்ணு எழுதினாரு. கிரீடம் வேணாம், வெண்ணெய்ப் பானை வேணாம்னு எடுத்துட்டாரு. ஆனா கை பழகின பழக்கம் போகுமா? நெத்திச்சுட்டி, கைக்கு வங்கி, முத்துமாலைன்னு சரம்சரமா மாட்டி விட்டுட்டாரு. அப்பா வந்து, இவங்க எந்த அரண்மனைன்னு மரியாதையாக் கேட்டாரு. தையுவுக்குக் கண்ணு தளும்பிடுச்சு. இந்தப் படத்தக் கொண்டுபோனா, அப்பா திரும்பி வந்து அரண்மனை வாசல்லதான் தேடுவாருன்னு நெனச்சா.

அப்புறம் ஜிலுஜிலுன்னு காத்து திரும்பிடுச்சு. மறுநாள் கப்பல். ராஜு மூணாவது பலகைய எடுத்தாரு. தையு நேரா போயி, அவரு முட்டியோட முட்டி இடிக்க எதிர உக்காந்தா.

"தாத்தா, பலகையப் பாக்காதீங்க. என்னப் பாருங்க."

மனுஷன் அப்போதான் நிமிந்து பாத்தாரு. பாத்தா, நல்ல கறுப்பு நிறம். ஊஞ்சல்லேர்ந்து தொபுக்கடீர்னு விழுந்ததுல புருவத்துல ஒரு தழும்பு. ஒரு காது கொஞ்சம் விடைச்சுக்கிட்டு இருக்கு. அப்புறம் அந்தக் கன்னம். வீங்கியிருக்காம்மான்னு கேட்டாரு. தையு வாயத் தொறக்கல, தலைய மட்டும் ஆட்டினா. அம்மா பக்கத்துலயே நிக்குறாங்களே, எப்படித் தொறப்பா? ராஜுவும் இருக்குறத இருக்குறபடியே எழுதிட்டாரு.

அவ கண்ணப் பாரேன். மாட்டிக்குவோமோன்னு பாதி பயம், பாதி சிரிப்பு. எந்தக் கோடியில நின்னு பாத்தாலும் நம்மளத்தான் பாப்பா. எவ்வளவு அழகு இந்தப் புள்ள.

அப்பா வந்தாரு. படத்துல ஈரம் காயாத அந்தக் கன்னத்த விரலால தொட்டாரு.

"உப்பு நெல்லிக்காதானே?"ன்னாரு.

அம்மா ஜாடியப் பாக்க ஓடினாங்க. அப்பாவோட விரல் தடம் படத்துல இன்னும் இருக்கு, காலையில காட்டுறேன்.

ம் சொல்லு. தூங்கிட்டியா? சரி, இன்னும் கொஞ்சம்தான்.

கப்பல் போச்சு. மழை வந்துது, வெயில் வந்துது, மறுபடி மழை வந்துது. தையு அம்மா தோளுக்கு வளந்துட்டா, தாவணி போட்டுட்டா. அப்போ ஒரு நாள் அப்பா வர்ற கப்பல் தெரியுதுன்னு ஊரே கடற்கரைக்கு ஓடுச்சு. சளக் சளக்னு படகு கரைக்கு வருது. அப்பா துணி சுத்தின பலகைய மார்போட அணைச்சுக்கிட்டு எறங்குறாரு. கண்ணு தாழ்வாவே தேடுது, சின்னப் புள்ளையத் தேடுது. தையுவத் தாண்டியே போயிட்டாரு.

அவ நெனச்சிருந்தா, அப்பான்னு கூப்பிட்டிருக்கலாம். ஆனா கூப்பிட்டுத் திரும்பினா, அவரு கண்டுபிடிச்சதா ஆகுமா? வீம்புக்காரி, கூப்பிடல. குடுகுடுன்னு முன்னால ஓடிப்போயி நின்னா. முந்தானை முடிச்ச அவுத்து, ஒரு உப்பு நெல்லிக்காய எடுத்துக் கன்னத்துல அடக்கிக்கிட்டு, அவரையே பாத்தா.

அப்பா நின்னுட்டாரு.

பலகைய மணல்ல வச்சுட்டு, "தையு"ன்னாரு. அவ்வளவு பெரிய பொண்ண, ஊரே பாக்கத் தூக்கிட்டாரு. அவளுக்கு அழுகையும் வருது, சிரிப்பும் வருது, வாய் நெறைய நெல்லிக்கா, ஒரு வார்த்தை வரல.

படத்துல அவ அடக்கிக்கிட்ட நெல்லிக்கா இன்னும் கரையவே இல்ல, அதான் முழிச்சுக்கிட்டு இருக்கா. உன் வாயில ஒண்ணும் இல்லையே? கப்பல் கரை சேந்துது, கதையும் கரை சேந்துது, கண்ண மூடு.