பன்னிரண்டு மைல்கற்களும் ஒரு குப்பித் தண்ணீரும்

பொட்டல்குடி வயலுக்கடியில் எண்ணெய்க் குழாய் உடைந்தது. செங்கமலத்தின் கிணற்றில் பெட்ரோல் வாடை அடித்தது. ஊருக்கே குடிதண்ணீர் அந்தக் கிணறுதான். மாடுகள் மோந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டன. மனிதர்கள் போராட்டக் குழு அமைத்தார்கள்.

அதிகாரி ஒரு கண்ணாடிக் குப்பியைக் கொடுத்தார். "விளிம்புவரை நிரப்பி மூடி, சோதனைக்கூடத்துக்குக் கொண்டுவாங்க. எண்ணெய் இருக்குன்னு வந்தா தினம் லாரித் தண்ணி கிடைக்கும். வாடை மட்டும் போயிடக் கூடாது, ஜாக்கிரதை."

குழு கூடியது.

"வாடை போகலைன்னு எப்படித் தெரியும், தலைவரே?" என்றார் செயலாளர் மாசிலாமணி.

"மோந்து பார்த்தாத்தான்" என்றார் தலைவர் வேலாயுதம்.

"நீங்க மட்டும் மோந்தா ஜனநாயகம் என்னாவது?"

ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது: சோதனைக்கூடம் போகும் வழியில் ஒவ்வொரு மைல்கல்லிலும் வண்டியை நிறுத்தி, மூடியைத் திறந்து, ஐந்து உறுப்பினர்களும் மோந்து, கையெழுத்திட வேண்டும்.

"திறந்தா வாடை ஓடிடாதாண்ணே?" என்றாள் செங்கமலம்.

"விஞ்ஞானத்தை எங்ககிட்ட விடு, தாயி."

முதல் கல்லில் வாடை மூக்கைத் துளைத்தது. கைதட்டினார்கள். ஐந்தாம் கல்லில் குறைந்தது. ஒன்பதாம் கல்லில், "பயந்து அடியில ஒளிஞ்சிருக்கும்" என்று குலுக்கினார்கள். பன்னிரண்டாம் கல்லில் ஒன்றுமே இல்லை.

"அஞ்சு பேருக்கும் ஒரே நேரத்துல ஜலதோஷமா? இது சதி!" என்று கண்டனம் எழுதிக் கையெழுத்திட்டார்கள்.

முடிவு வந்தது: எண்ணெய் இல்லை, நல்ல தண்ணீர்.

"கிளம்புறப்ப இருந்துச்சு, போய்ச் சேர்றப்ப இல்லை" என்றார் மாசிலாமணி. "நடுவுல பன்னிரண்டு இடத்துல திறந்தோம்."

வேலாயுதம் எழுந்து நின்றார். "அப்போ எண்ணெய் கல்லுங்ககிட்டதான் இறங்கியிருக்கு. பாதிக்கப்பட்டது கல்லுங்கதான்!"

மூன்று நாள் சாலை மறியல். லாரித் தண்ணீர் கேட்டுச் செங்கமலம் கொடுத்த மனு, தேதியில்லை என்று இரண்டு முறை திரும்பியிருந்தது. கற்களுக்குத் தண்ணீர் கேட்ட குழுவின் மனுவில் இடம், நேரம், ஐந்து கையெழுத்து எல்லாம் கச்சிதம். மனு கிடைத்த அன்றே அரசு பணிந்தது.

இப்போது தினமும் லாரி வந்து, பன்னிரண்டு கற்களுக்கும் தலைக்கு ஒரு டிரம் நல்ல தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகிறது.

ஒருநாள் செங்கமலம் குடத்தோடு ஓடிவந்தாள். "ஒரு குடம் விடுங்கண்ணே! கிணத்துத் தண்ணி தொண்டையை எரிக்குது."

வேலாயுதம் குறுக்கே நின்றார். "கல்லோட உரிமையில கை வைக்காதே, தாயி. போராடி வாங்கினது. உனக்கு வேணும்னா, நீ போய்ச் சாலையோரமா நில்லு. நாங்க உன்னை மோந்து பார்த்துக் கையெழுத்துப் போடுறோம்."