துறைமுகக் காசில் அறுந்த வட்டம்

"சாமி, இந்தக் காசுக்கு என்ன அர்த்தம்னு சொல்லுங்க. சொன்னாத்தான் எந்திரிப்பேன்."

வந்து உட்கார்ந்ததும் மரகதவல்லி இப்படித்தான் ஆரம்பித்தாள். கும்பிடுகூட அப்புறம்தான்.

சாமி என்றதும் தாடியும் சடையுமாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அவளுடைய மகள் வயசுதான் இருக்கும் அவருக்கு. மலையடிவாரத்தில் ஒரு சின்ன மடம், ஒரு கிணறு, ஒரு பசுமாடு, அவ்வளவுதான் ஆஸ்தி. ஒன்றைக் கேட்டால் நேராகப் பதில் சொல்லமாட்டார் என்று சுற்றுவட்டாரம் பூராவும் தெரியும். தெரிந்தும் போவார்கள், அது வேறு விஷயம்.

அவர் காசை வாங்கிப் பார்த்தார்.

அவள் ஊர்த் துறைமுகத்துக்கு நூறு வயசானபோது வெளியிட்ட நினைவுக் காசு அது. ஒரு பக்கம் எழுத்தும் வருஷமும். மறுபக்கம் ஒரு வட்டம். அதுவும் முழு வட்டம் இல்லை, ஓரிடத்தில் அறுந்திருந்தது. அறுந்த இடத்துக்கு வெளியே, ஒன்று பெரிசும் இரண்டு சிறிசுமாக மூன்று பொட்டு. கப்பல் இல்லை, நங்கூரம் இல்லை, ஒரு மீன்கூட இல்லை.

"யார் வரைஞ்சது?"

"எங்க வீட்டுக்காரர். பள்ளிக்கூடத்துல டிராயிங் மாஸ்டர். காசுல போடறதுக்கு நடந்த படப் போட்டிக்கு இதை அனுப்பிட்டு, முடிவு வர்றதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டாக. என்ன அர்த்தம்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லலை."

"ஊர்ல என்ன சொல்றாங்க?"

"ஊர் வாய் சும்மா இருக்குமா? வட்டம் அலைச்சுவர், அறுந்த இடம் துறைமுக வாசல், பொட்டு மூணும் கப்பல்னு விழா மேடையில ஒருத்தர் பேசினார். காலேஜ் வாத்தியார் ஒருத்தர், வட்டம் சூனியம், பொட்டு மூணும் முக்காலம்னு பத்திரிகையில பக்கம் பக்கமா எழுதினார். பிள்ளையார் சுழின்னு சொன்னவுகளும் உண்டு."

சாமி சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை.

"நீங்க என்ன நினைக்கிறீங்கம்மா?"

இதைச் சொல்லத்தான் இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள்.

"அது நாங்க சாமி," என்றாள். "அறுந்துபோன நாங்க."

அப்புறம் கொட்டித் தீர்த்துவிட்டாள். மகள் தன் இஷ்டப்படி ஒருவனைக் கட்டிக்கொண்டாள். அந்தக் கல்யாணத்துக்கு வீட்டுக்காரர் இவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய், தாலி எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தார். அன்றைக்கு இவள் நிறுத்திய பேச்சு, அவர் கண்ணை மூடும்வரைக்கும் நின்றதுதான். அந்த நாட்களில்தான் இந்தப் படத்தை வரைந்தார்.

"அதுக்கு முன்னால எப்படி இருந்தோம் தெரியுமா? ஞாயித்துக்கிழமை ஆனா அலைச்சுவர்ல போய் உக்காந்துக்கிடுவோம். ஆளுக்கொரு பொட்டலம் வறுகடலை. கப்பல் கொடியைக் காட்டி, இது எந்த நாடுன்னு கேப்பாக. எனக்குத் தெரியும். வேணும்னே தப்பாச் சொல்லுவேன். அவுக திருத்திச் சொல்ற அழகைக் கேக்கணும்ல."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"அந்த மனுஷன் என்னை வெறுத்துட்டுப் போயிட்டாகளான்னு மட்டும் தெரியணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் சாமி."

சாமி காசைத் தரையில் வைத்தார்.

"பேச்சு நின்ன பிறகு சாப்பாடு?"

"ஆக்கி வச்சிருவேன். அவுகளே போட்டுக்கிடுவாக."

"நீங்க ஒண்ணுமே கொண்டுபோய்க் கொடுக்கலையா?"

"காலையில காப்பி மட்டும். அதுவும் முகத்தைப் பார்க்க மாட்டேன். வரையிற தாள் மேலயே டக்குனு வச்சுட்டு வந்திருவேன். கோபமா இருக்கேன்னு தெரிய வேண்டாமா?"

"தாளை நகர்த்தி வச்சுக்க மாட்டாரா?"

"மாட்டாக. மறுநாளும் அதே இடத்துல அப்படியே விரிச்சு வச்சிருப்பாக. வீம்பு."

சாமி எழுந்து உள்ளே போனார்.

போனவர் போனவர்தான். இவ்வளவு சொல்லியும் இந்த மனுஷன் பாட்டுக்கு அடுப்படிக்குப் போய்விட்டாரே என்று அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது. காசை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாமா என்றுகூட நினைத்தாள்.

வந்தபோது அவர் கையில் தளும்பத் தளும்பக் காப்பி இருந்தது. அவள் முகத்தைப் பார்க்கவில்லை. டம்ளரை அவள் முன்னால் டக்கென்று வைத்துவிட்டு, மாட்டைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார். காப்பி சிந்தி வழிந்தது.

இது என்ன மரியாதை என்று அவளுக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் வெயிலில் வந்த களைப்பு. எடுத்துக் குடித்தாள்.

டம்ளரைத் திரும்ப வைக்கப் போன கை அப்படியே நின்றது.

சிமெண்டுத் தரையில் ஒரு வட்டம். ஒரு பக்கம் அறுந்திருந்தது. அதற்கு வெளியே சிந்தின சொட்டுகள்.

அவள் காசை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது அவுக வரைஞ்சதில்ல சாமி," என்றாள். "நான் வச்சது. நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு வச்சது. அதைப் போய் அந்த மனுஷன்..."

அவர் செத்த அன்றைக்குக்கூட அழாதவள், அங்கே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

சாமி தரை துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு வந்து குனிந்தார்.

"தரையெல்லாம் ஆயிருச்சு. துடைச்சிரட்டுமா?"

அவள் அவசரமாக இரண்டு கையாலும் அந்த வட்டத்தை மறித்துக்கொண்டாள்.

"வேண்டாம் சாமி. காயட்டும்."