ஓலைப்பெட்டிக்குள்

மலையடிவாரத்தில் இருந்த அந்தச் செப ஆசிரமத்துக்குப் போகிறவர்கள் முதலில் ஓலைப்பெட்டியைத்தான் பார்ப்பார்கள். வாசல்படிக்குப் பக்கத்தில் மூடி போட்டு இருக்கும். மூன்று நாள் மௌனத்துக்கு வருகிறவர்கள், தாங்கள் எதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறார்களோ அதை அதில் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டும்.

பொடிமட்டையைப் போட்டதாகச் சொல்லிக்கொண்டவர் உண்டு. சீட்டுக்கட்டு என்று சொன்னவர் உண்டு. செத்துப்போன புருஷனின் சட்டையைப் போட்டேன் என்று சொல்லி அழுதவளும் உண்டு. ஆனால் கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லை. மூடியைக் கொஞ்சமாய்த் தூக்கிக் கையை மட்டும் உள்ளே விட்டுப் போட வேண்டும் என்பது ஏற்பாடு. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின நாள், பழைய குருத்தோலைகளோடு பெட்டியையும் அப்படியே கொளுத்திவிட்டுப் புதுப்பெட்டி வைப்பார்கள்.

அந்த ஏற்பாட்டைச் செய்தவர் மதர் எமிலியானா. பெரிய வயசு ஒன்றும் இல்லை, நாற்பதைத் தாண்டியவர். யார் என்ன கேட்டாலும் நேராகப் பதில் சொல்ல மாட்டார் என்று பெயர். ஆனாலும் கீழே ஊரிலிருந்து பெண்கள் கேள்விகளைச் சுமந்துகொண்டு மலையேறி வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

ஜெசிந்தா போன தவக்காலத்தில் வந்தவள். பிள்ளை பெற்ற பிறகு அவளுக்கு ஒரு பயம் பிடித்திருந்தது. டவுனில் ஒரு டாக்டரம்மா மாத்திரை கொடுத்து, பயம் அடங்கி, சோறு இறங்கி, தூக்கம் வந்து, மனுஷியாகியிருந்தாள். ஓலைப்பெட்டிக்கு முன்னால் நின்றபோது, நாம் எதைப் பிடித்துத் தொங்குகிறோம் என்று யோசித்தாள். மாத்திரை அட்டையைப் போட்டாள். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முதலில் தலை சுற்றியது. பிறகு அதுவும் நின்று, காற்று மாதிரி லேசாகிவிட்டாள். ஈஸ்டர் முடிந்த ஞாயிற்றுக்கிழமை பங்குக் கோயிலில் மைக்கைப் பிடித்துச் சாட்சி சொன்னாள். மாத்திரையை ஆண்டவர் காலடியில் போட்டுவிட்டேன், பயம் என்னை விட்டுப் போய்விட்டது என்றாள். கைதட்டினார்கள். வெளியே வந்தபோது பெண்கள் சூழ்ந்துகொண்டு அவள் கையைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு பக்கத்துப் பங்குகளிலும் கூப்பிட்டார்கள். போய்ச் சொன்னாள்.

மழைக்காலம் தொடங்கியதும் அது திரும்பி வந்தது. முன்னே வந்ததைவிடக் கெட்டியாக வந்தது.

ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு பகலில், பிள்ளை மிரியத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜெசிந்தா மறுபடி மலையேறினாள். தோள்பையில் ஒரு புது மாத்திரை அட்டை இருந்தது. இன்னும் பிரிக்கவில்லை.

மதர் எமிலியானா வராந்தாவில் உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தார். அடுப்பில் ஏற்கெனவே ஒரு பானை வெந்துகொண்டிருந்தது.

“இன்னைக்கு மௌனத்துக்கு ஆள் எடுக்கலையே,” என்றார்.

“மௌனத்துக்கு வரலை மதர். பெட்டியில் ஒண்ணு போடணும். போட்டுட்டுப் போயிடுவேன்.”

“என்னது?”

“கேட்கக் கூடாதுன்னு நீங்கதானே வச்சீங்க.”

“ஆமா, நான்தான் வச்சேன். அப்பப் போடு.”

ஜெசிந்தா பெட்டிக்கு முன்னால் நின்றாள். பைக்குள் போன கை வெளியே வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மதர் கத்தியைக் கீழே வைத்தார். பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னார்.

உட்கார்ந்தாள். பால்புட்டியைப் பிள்ளையின் வாயில் வைத்தாள். தாய்ப்பால் வற்றிவிட்டது என்று அவளே சொன்னாள், கேட்காமலே. பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். தான் பிள்ளையைக் குளிப்பாட்டிப் பல நாள் ஆகிறது, அதை மாமியார்தான் செய்கிறார். தண்ணீரைப் பார்த்தாலே தன் கை பிள்ளையை விட்டுவிடுகிற மாதிரி தோன்றுகிறது. அரிவாள்மணையைத் தட்டுமுட்டுச் சாமானுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருக்கிறாள். புருஷன் அலோசியஸிடம் தலைவலி என்று சொல்லியிருக்கிறாள். மறுபடி போனபோது டாக்டரம்மா திட்டவில்லை. நிறுத்தும்போது என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று மட்டும் சொல்லிவிட்டு, அதே மாத்திரையை மறுபடி எழுதிக் கொடுத்தார்.

மதர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பிள்ளையின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணுக்காலைச் சுற்றிச் சிவப்பாய் ஒரு தடம் இருந்தது.

“இது என்ன?”

ஜெசிந்தா கவுனை இழுத்துவிட்டாள். “ராத்திரி என் கையோட சேர்த்துக் கட்டிப்பேன். செபமாலைக் கயிறு.”

“இவ எங்க ஓடப்போறா?”

“அவ ஓட மாட்டா மதர். நான் எழுந்தா அவ அழுவா. அவ அழுதா மாமியார் முழிச்சுப்பாங்க.”

  ஓட்டிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“மாத்திரையை மறுபடி போட்டா,” என்றாள் ஜெசிந்தா, “அன்னைக்கு எனக்குக் கிடைச்சது ஒண்ணுமே இல்லைன்னு ஆகிடாதா மதர்? பிடிச்சுத் தொங்கினதை விட்டுட்டேன்னு ஊர் ஊராச் சொன்னேன். இப்ப ஆண்டவர் மூஞ்சியில் எப்படி முழிப்பேன்? நான் இன்னும் கொஞ்சம் செபிச்சா போதுமோ என்னவோ. நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா இதையும் போட்டுட்டுப் போறேன்.”

மதர் இரண்டு கைகளையும் நீட்டி, “பிள்ளையைக் கொடு,” என்றார்.

கொடுத்தாள். மதர் பிள்ளையை வாங்கிக்கொண்டு எழுந்து வாசலுக்குப் போனார். அதன் வாயிலிருந்து புட்டியைப் பிடுங்கினார். பெட்டியின் மூடியைக் கொஞ்சமாய்த் தூக்கிப் புட்டியை உள்ளே போட்டு மூடினார். திரும்பி வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தார்.

மிரியம் ஒரு நொடி திகைத்தாள். பிறகு வீறிட்டாள்.

“மதர், விளையாடாதீங்க,” என்றாள் ஜெசிந்தா, பாதிச் சிரிப்போடு.

“இவளும் ஒண்ணைப் பிடிச்சுத் தொங்குறா. விடட்டும்.”

“பச்சப்பிள்ளை மதர்.”

“உனக்குப் பழகலையா? இவளுக்கும் பழகும். இன்னும் கொஞ்சம் செபிச்சுப் பார்ப்போம்.”

பிள்ளை முகம் கறுக்க அழுதது. மதரின் கழுத்தை, கன்னத்தை, உடுப்பின் நுனியை எல்லாம் வாயால் தேடியது. குரல் கம்மத் தொடங்கியது. மதர் அசையவில்லை. ஜெசிந்தாவின் சிரிப்பு எப்போது போனது என்று அவளுக்கே தெரியாது. எழுந்து நின்றிருந்தாள்.

“அவ தொங்கலை மதர்,” என்றாள். “அவளுக்குப் பசிக்குது.”

மதர் அவளை நிமிர்ந்து பார்த்தார். 

ஜெசிந்தா பெட்டியிடம் போனாள். யாரும் எடுக்காத அந்த மூடியை முழுசாக எடுத்துக் கீழே வைத்தாள். புட்டி மேலேதான் கிடந்தது. அதை எடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பொடிமட்டை இருந்தது, வளையல் இருந்தது. ஓரத்தில் அவள் போட்ட மாத்திரை அட்டை இருந்தது. பாதி தீர்ந்த அட்டை, பார்த்ததும் தெரிந்தது. அதற்கு மேலே இன்னொன்று. அது அவளுடையது இல்லை. அதற்குப் பக்கத்தில் வேறு நிறத்தில் ஒன்று. கீழே கையை விட்டாள். ரப்பர்பேண்டு போட்டுக் கட்டிய நாலைந்து அட்டைகள் ஒன்றாக வந்தன. ஒன்றில் ஒரே ஒரு குழி மட்டும் காலியாக இருந்தது.

மதர் எமிலியானா பிள்ளையோடு வந்து எட்டிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அந்தப் பெட்டிக்குள் அவர் பார்த்ததே இல்லை. மெல்லத் தரையில் உட்கார்ந்துவிட்டார். புட்டியை வாங்கிப் பிள்ளையின் வாயில் வைத்தார்.

“இது?” என்றார், ஓரத்தில் கிடந்த அட்டையைக் காட்டி.

“என்னோடது.”

“இது?”

“தெரியலை மதர்.”

“இதெல்லாம்?”

ஜெசிந்தாவுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. கோயில் வாசலில் கையைப் பிடித்தவர்களில் ஒருத்தியின் உள்ளங்கை ஈரமாக இருந்தது. பயம் போக எவ்வளவு நாள் ஆச்சு அக்கா என்று அவள் காதோரம் கேட்டாள். அன்னைக்கே போயிடுச்சு என்று இவள் சொன்னாள். முகத்தை நினைத்துப் பார்த்தாள். வரவில்லை. எந்த வீட்டில், எந்தக் கதவுக்குப் பின்னால், எதை எதை ஒளித்துவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாளோ. உயிரோடு இருக்கிறாளோ, இல்லையோ.

“நான் சொன்னதைக் கேட்டுத்தான் போட்டிருப்பாங்களா மதர்?”

“நான் வச்ச பெட்டியில்தான் போட்டிருக்காங்க.”



மதர் எழுந்து, பிள்ளையை வராந்தாவில் கிடத்திவிட்டு உள்ளே போனார். ஒரு தட்டில் வெந்த கிழங்கும் செம்பில் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார்.

“டாக்டர் எப்பப் போடச் சொன்னாங்க?”

“சாப்பிட்டுட்டு.”

“சாப்பிடு.”

கிழங்கைத் தண்ணீர் குடித்துக் குடித்து இறக்கினாள். “இதுவும் உடனே கேட்காதாம் மதர். சில வாரம் ஆகுமாம். கேட்கலைன்னா மாத்தித் தருவாங்களாம்.”

“சரி.”

“அதுவரைக்கும்?”

“அதுவரைக்கும் நீ தனியாப் படுக்க வேண்டாம். அந்தக் கயிறும் வேண்டாம். உன் மாமியார்கிட்டயும் அலோசியஸ்கிட்டயும் என்னை வச்சுக்கிட்டே சொல்லு. தலைவலின்னு சொல்லாதே.”

ஜெசிந்தா பையிலிருந்து புது அட்டையை எடுத்தாள். மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

“அன்னைக்கு நான் சொன்ன சாட்சி பொய்யா மதர்?”

“அன்னைக்குப் பொய் இல்லை.”

அட்டையைப் பிரித்தாள். மாத்திரை சின்னதாக, வெள்ளையாக உள்ளங்கையில் விழுந்தது. வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். பயம் இருந்த இடத்திலேயே இருந்தது.

மதர் பெட்டியிலிருந்த அட்டைகளையெல்லாம் ஒரு துணியில் கட்டினார். மூடியைத் திரும்ப வைக்கவில்லை. பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வாசல்படியில் இறங்கி நின்றார். வானம் மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது.

“எங்க மதர்?”

“கீழே ஊருக்கு, இதைப் போட்டவங்ககிட்ட. இன்னைக்கு உள்ள சாட்சியை நீ இன்னும் சொல்லலை,” என்றார் மதர் எமிலியானா. “செருப்பைப் போடு.”