தனகோடியின் முகம்

பூங்காவனம் சுடுமண் சிற்பி. வயது நாற்பத்தொன்று. அவளிடம் மண் வேலை பழக வந்த கலியமூர்த்திக்கு அறுபத்து மூன்று, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த வயதில் மண்ணைப் பிசைகிறாரே என்று ஊர் சிரித்தது. சிரிக்கட்டும். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: இறந்துபோன மனைவி தனகோடியின் முகம்.

எட்டு மாதமாக அந்த ஒரே தலையைத்தான் செய்துகொண்டிருந்தார். சாயங்காலம் ஈரத்துணி சுற்றிவிட்டுப் போவார். காலையில் அவிழ்த்து மறுபடி ஆரம்பிப்பார்.

ஒரு நாள் கேட்டேவிட்டார்.

"வாத்தியாரம்மா, கை பழகிடுச்சு. மண்ணும் சொன்ன பேச்சு கேக்குது. அவ முகம் மட்டும் ஏன் வர மாட்டேங்குது?"

"நேத்து சாயங்காலமே வந்துடுச்சே, ஐயா."

அவர் அவிழ்த்த ஈரத்துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

"மூக்கு, தாடை, நீங்க சொல்ற அந்தக் கோவம்கூட இருந்துச்சு. காலையில வந்து கன்னத்தை அமுக்கிட்டீங்க. போன மாசமும் இப்படித்தான். ஏன்?"

கலியமூர்த்தி கைகளை வேட்டியில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"ஈரமா இருக்கிற வரைக்கும் தொட்டா அமுங்குதும்மா. சுட்டுட்டா?"

"அமுங்காது."

"அதான்."

பூங்காவனத்துக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் இரக்கப்பட்டால் சிலை வேகாது.

"யாருக்காக இதை ஆரம்பிச்சீங்க?"

"பேத்திக்கு. அவ ஆயாவைப் பாத்ததே இல்ல. அடுத்த மாசம் திவசத்துக்கு வர்றா. காட்டுறேன்னு சொல்லியிருக்கேன்."

"காயவே மூணு வாரம் ஆகும்."

அவள் அறுக்கும் கம்பியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"கன்னத்தைச் சரி பண்ணிட்டு உச்சந்தலையை அறுத்துத் திறங்க. உள்ள இருக்கிற மண்ணைத் தோண்டி எடுக்கணும். கெட்டியா விட்டா சூளையில வெடிச்சிடும்."

"அவ தலையையா? நீங்களே செஞ்சிடுங்கம்மா."

"எனக்கு அவங்களைத் தெரியாதே, ஐயா."

கன்னம் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்துவிட்டது. கம்பியை உச்சந்தலையில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். அவர் கண்ணை மூடவில்லை. அறுத்தார், திறந்தார், பிடி பிடியாகத் தோண்டினார். ஒரு விரல் தடிமனுக்குச் சுவர் நின்றதும் பூங்காவனம் போதும் என்றாள். மண்கூழ் தடவி உச்சியை ஒட்டி, பிடரியில் காற்றுப் போக ஒரு துளை போட்டு, தலையை நிழலில் காய வைத்தார்கள். தனகோடி கோபமாகத்தான் பார்த்தாள்.

தோண்டிய மண் பலகையில் குவிந்து கிடந்தது. அதற்கு மூக்கும் இல்லை, கன்னமும் இல்லை. கலியமூர்த்தி அதன்மேல் கையை வைத்தார். வைத்த கையை எடுக்க மனம் வரவில்லை.

"இதை மண்ணு ஊறப்போடுற குழியிலேயே போட்டுடட்டுமா, வாத்தியாரம்மா?"

"சுட்ட முகம் பேத்திக்கு, ஐயா. இந்த ஈர மண்ணு உங்களுக்கு."