மாதம்மா சொல்ல வந்தது

சிகாமணி தன் குருவைவிடப் பதினாறு வயது மூத்தவர். முப்பது வருடம் தாலுகா அலுவலக வாசலில் உட்கார்ந்து மனு எழுதியவர். வருகிறவர்கள் பாதி சொன்னால் போதும், மீதியை அவரே எழுதிவிடுவார். ஓய்வுக்குப் பிறகு ஏரிப்புதூர் மடத்துக்கு வந்து சேர்ந்தார். குரு அவரை ‘ஐயா’ என்றுதான் கூப்பிடுவார்.

அந்த ஊரில் ஏரிக்கு மேலே ஊர்க்காரர்கள் இருந்தார்கள். கரைக்குக் கீழே காலனி. எங்கோ அணை கட்டியபோது ஊர் மூழ்கி இங்கே கொண்டுவந்து விடப்பட்டவர்கள் காலனிக்காரர்கள். வந்து பதினோரு வருடம் ஆகியும் ஏரியில் அவர்கள் குடம் முக்கக்கூடாது. கரையின் அடியில் கசிகிற நீரை ஊற்றுக்குழி தோண்டி மொண்டுகொண்டார்கள். தேர் இழுக்க அவர்களைக் கூப்பிடுவதில்லை. டீக்கடையில் அவர்கள் வந்தால் பேச்சு நின்றுவிடும்.

சிகாமணி ஒருநாள் கேட்டார். “சாமி, இந்த ரெண்டு ஜனமும் பேசிக்கணும்னா என்ன செய்யணும்?”

“ஒண்ணா உக்கார வைங்க.”

“அப்புறம்?”

“காது குடுங்க.”

சிகாமணி மூன்று மாதம் வீடு வீடாக நடந்தார். கெஞ்சினார், சண்டை போட்டார், சிலர் வாசலில் சாப்பிடாமல்கூட உட்கார்ந்தார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பள்ளிக்கூட ஷெட்டில் இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார்கள். குருவும் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

“முதல்ல காலனிப் பொம்பளைங்க பேசட்டும்” என்றார் சிகாமணி.

மாதம்மா கையைத் தூக்கியபடி எழுந்தாள். கல் உடைக்கப் போகிறவள். அவளுக்குத் திக்குவாய்.

“ஏ... ஏ... ஏரி...”

பின்னால் யாரோ சிரித்தார்கள். சிகாமணி திரும்பி அதட்டினார். “சிரிக்கிறவங்க எழுந்து வெளியே போகலாம்!” பிறகு குரலைத் தாழ்த்தி, “நீ சொல்லும்மா” என்றார்.

“ஏ... ஏரித் த... த...”

அவள் கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் நீர் முட்டியது. அதைப் பார்க்க சிகாமணிக்குத் தாங்கவில்லை.

“ஏரித் தண்ணியில உங்களுக்கும் உரிமை வேணும். அதானேம்மா?”

மாதம்மா வாயைத் திறந்தபடி நின்றாள். தூக்கிய கை இன்னும் இறங்கவில்லை.

ஊர்ப் பெரியவர் முத்துக்கவுண்டர் தலையாட்டினார். “சரி. நாளையிலேர்ந்து எடுத்துக்கட்டும்” என்றார்.

ஷெட்டே அதிரும்படி கை தட்டினார்கள். இரண்டு பக்கத்து ஆட்களும் தட்டினார்கள். மாதம்மா சுற்றிலும் பார்த்தாள். மெல்லச் சிரித்தாள். கையை இறக்கிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

வியாழக்கிழமை மழை பிடித்தது. சனிக்கிழமை மத்தியானம் ஏரிக்கரை உடைந்தது.

காலனியில் மூன்று பேர் செத்தார்கள். கட்டியிருந்த ஆடுகளை அவிழ்த்துவிடப் போன மாதம்மாவின் புருஷன் முனிரத்தினம் அவர்களில் ஒருவன். இரண்டு மைல் தள்ளிக் கேழ்வரகுக் கொல்லையில் கிடந்தான்.

பிழைத்தவர்களை அதே பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். சிகாமணி அவர்களுக்குக் களி கிண்டினார், கம்பளி கொடுத்தார். அப்போது மாதம்மாவின் பக்கத்து வீட்டுக்காரி, மடியில் கைக்குழந்தையோடு இருந்தவள், அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“அன்னைக்குக் கூட்டத்துல அவ சொல்ல வந்தது இதைத்தாங்கய்யா.”

“எதை?”

“ஊத்துக்குழித் தண்ணி அப்பவே மூணு நாளா கலங்கலா வந்துச்சு. தெளிஞ்சு கசிஞ்சா பயமில்ல, மண்ணோட வந்தா கரையை உள்ளுக்குள்ள அரிக்குதுன்னு அர்த்தமாம். அவங்கப்பன் மடை பாத்தவரு, சொல்லிக் குடுத்திருக்காரு. நம்ம சொன்னா யாரு கேப்பான்னு நாங்க விட்டுட்டோம். நான் கூட்டத்துல சொல்றேன்னு போனா.”

சிகாமணி கரண்டியைக் கீழே வைத்தார்.

“திரும்பி வந்தவளைச் சொல்லிட்டியான்னு கேட்டேன். அடுத்த ஞாயித்துக்கிழமை சொல்லிக்கிறேன்னா.”

அவள் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமை அன்றைக்குத்தான்.

சிகாமணி மடத்துக்கு வந்தார். குரு முற்றத்துச் சேற்றை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தார்.

“நான் யாரையும் ஒதுக்கல சாமி. அவளைக் கூப்பிட்டேன். முதல் ஆளாப் பேச விட்டேன். சிரிச்சவனை அதட்டினேன். அவ தவிக்கிறதைப் பாக்க முடியாமத்தான்...” “கேலி பண்ணினவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் சாமி?”

குரு கூடையைக் கீழே வைத்தார்.

“நானும் கை தட்டினேன் ஐயா” என்றார்.

பிறகு குரு கையைக் கழுவிக்கொண்டு, “வாங்க. போய் அவங்க பக்கத்துல உக்காருவோம்” என்றார்.

மாதம்மா இரண்டாம் வகுப்பு அறையில், சுவரோரமாக இருந்தாள். வெள்ளம் வந்த பிறகு அவள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை என்றார்கள். சிகாமணி அவள் முன்னால் உட்கார்ந்து அழுதார். தான் செய்தது இன்னது என்று ஒன்றுவிடாமல் சொன்னார், மன்னிக்கச் சொல்லிக் கேட்டார். அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது குரு சொன்னார். “இன்னைக்கும் நீங்கதான் பேசினீங்க.”

மறுநாளும் போனார்கள். சிகாமணி வாயைத் திறக்கவில்லை. அதற்கு மறுநாளும் அப்படித்தான். மற்றப் பெண்கள் வேலைக்குப் போய் வந்தார்கள், பிள்ளைகள் கரும்பலகையில் கிறுக்கினார்கள். இவர்கள் மூவரும் சும்மா இருந்தார்கள். முத்துக்கவுண்டரும் ஒருநாள் வந்தார். துண்டைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு வாசற்படியோரம் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

ஏழாம் நாள் மாதம்மாவின் உதடு அசைந்தது.

“கை...”

சிகாமணியின் உதடும் தன்னால் அசைந்தது. கையா? கை தூக்கியதையா? கைவிட்டதையா? எத்தனையோ வார்த்தைகள் அவர் நாக்கு நுனிக்கு வந்தன. பல்லைக் கடித்துக்கொண்டார்.

“கை... கை த... தட்டினீங்க.”

நெடுநேரம் ஆயிற்று. வெளியே யாரோ விறகு பிளந்துகொண்டிருந்தார்கள்.

“என... எனக்காக யாரும் த... தட்டினதே இல்ல. அ... அது...” அவள் மூச்சு வாங்கினாள். “அது ந... நல்லா இருந்துச்சு. அ... அதான் உக்காந்துட்டேன்.”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“இ... இன்னொரு தடவை கை தூக்கியிருந்தா அ... அவரு...”

சிகாமணி தாங்க முடியாமல் முன்னால் நகர்ந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். குரு அவர் முழங்காலில் கையை வைத்து அழுத்தினார். சிகாமணி வாயை மூடிக்கொண்டு பின்னால் சாய்ந்தார்.

மாதம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. வெயில் சாயும்வரை இருந்துவிட்டு இருவரும் எழுந்தார்கள்.

உடைந்த கரையின் மேல் நடந்தபோது சிகாமணிக்குப் பொறுக்கவில்லை.

“சாமி, பாவம், பழியை அவ தன் தலையில போட்டுக்கிட்டா. ‘உன் மேல தப்பில்லம்மா’ன்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அவளுக்கு ஆறுதலா இருந்திருக்குமே.”

“இருந்திருக்கும்.”

“அப்புறம் ஏன் தடுத்தீங்க?”

குரு நின்றார். கீழே காலனி இருந்த இடத்தில் வெறும் மணல் பரந்து கிடந்தது.

“அவங்க இன்னும் பேசி முடிக்கலையே ஐயா.”